அப்பா கேட்ட கணக்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போகும் ஊர் என்றால் தஞ்சை மாவட்டத்து நண்பர்களுக்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை. என் தந்தையார் ஒரு வாய்க்கால் மதகில் கரைக்காவலர். ஊர் வழக்கில் லஸ்கர். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் அவருக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. அளவுகோலில் நீர்மட்டம் பார்ப்பது, உத்தரவு வந்தபடி ஷட்டரை ஏற்றி இறக்குவது, மரைக்குக் கிரீஸ் போடுவது, மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குவது, எல்லாம் அவர் ஒருவரே. நான் தேறினால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆகையால் என் படிப்பைப் பற்றி எதைச் சொன்னாலும் உன்னிப்பாகக் கேட்பார்; கேட்டுவிட்டு ஒரு கேள்வி போடுவார். அப்படி அவர் போட்ட ஒரு கேள்வியால் வந்ததே இக்கட்டுரை.

பெரியப்பா மகன் ஒருவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். நாம் கைப்பேசியில் அனுப்பும் படமும் பணமும், இரயில் சீட்டும், நம் பரீட்சை முடிவும் போய்த் தங்கும் கட்டடம் அது. சென்ற மே விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். உள்ளே விட மாட்டார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மதிலுக்கு வெளியே நின்று பார்த்த மட்டில், அது ஜன்னலில்லாத பெரிய கட்டடம். மொட்டைமாடியில் வரிசையாகப் பெரிய விசிறிகள். நெல் அரவை மில்லுக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற இரைச்சல். கணிப்பொறி என்றால் ஓசையின்றி வேலை செய்வது என்று எண்ணியிருந்த எனக்கு அந்த இரைச்சல் வியப்பாயிருந்தது.

சென்னையில் இவை பெருகியதற்குக் கடலும் ஒரு காரணம். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கம்பிவடம் போடப்பட்டது; பின்னர் வேறு வடங்களும் கரையேறின. 2021-இல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இன்று இத்தகைய கட்டடங்கள் பல நிற்கின்றன.

அந்த இரைச்சலின் காரணம் நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. கணிப்பொறிக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ அவ்வளவும் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். கணக்குப் போடும் பொறி எதையும் தூக்குவதுமில்லை, இறைப்பதுமில்லை. ஆற்றலுக்குப் போக வேறிடமில்லை. செயற்கை நுண்ணறிவுக்கென்று இப்போது வரும் அலமாரிகளில் ஒன்றே 100 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. வயலில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் இருபத்தேழை ஒரு பீரோவுக்குள் வைத்து ஓட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வெப்பத்தை நொடி தவறாமல் வெளியேற்ற வேண்டும்.

பொங்கலுக்கு அண்ணன் ஊர் வந்தபோது இதையெல்லாம் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். "ஏஸி நின்னா நாலு பேரு ஓடி வருவோம். ஏஸிக்காரரு கரண்டைப் பாரும்பாரு, கரண்டுக்காரரு சர்வர்காரரைக் கேளும்பாரு. எல்லாத்தையும் சேத்துத் தெரிஞ்சவரு ஒருத்தரு வர்ற வரைக்கும் கையைப் பெசஞ்சுகிட்டு நிப்போம்" என்றார் அண்ணன். சில இடங்களில் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறார்கள் என்றும் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்த அப்பா நின்றுவிட்டார்.

"எவ்வளவு தண்ணி?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. "நீ படிக்கிறவன்தானே, சொல்லு தம்பி" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். 1 மெகாவாட் வெப்பத்தை முழுவதும் ஆவியாக்கியே போக்குவதானால் நாளொன்றுக்கு 36,000 லிட்டர். லிட்டரில் சொன்னால் அப்பாவுக்கு ஏறாது. அவருடையது கன அடிக் கணக்கு. விநாடிக்கு ஒரு கன அடி ஓடும் வாய்க்காலை 21 நிமிஷம் திறந்து வைத்தால் வரும் தண்ணீர்!

"இவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சற்று ஏமாற்றந்தான். 100 மெகாவாட் என்று வைத்துக்கொண்டால் என்றேன். விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கன அடி, ஓயாமல். அப்பா யோசித்தார். "ஒரு சின்ன மடை வருஷம் முச்சூடும் தொறந்து கெடக்கு. அடைக்கவே முடியாது, அப்படித்தானே? சரி, வயலுக்குப் பாஞ்ச தண்ணி வடிகால்ல எறங்கிக் கீழ உள்ளவனுக்கு ஒதவும். இது திரும்பி வருமா?"

வராது. ஆவியாகிப் போனது போனதுதான். "நம்ம கொள்ளிடத்துத் தண்ணியும் வீராணம் வழியா 2004-லேந்து சென்னைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மதகுக்குப் போய்விட்டார்.

நியாயமாகச் சொன்னால் எல்லாக் கட்டடங்களும் நீரை ஆவியாக்குவதில்லை. காற்றாலேயே குளிர்விப்பவையும் உண்டு; அவை மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்னும். சென்னையைப் போன்ற கடலோர ஊரில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. நம் ஆய்வகத்து ஈரக்குமிழ் வெப்பமானி அங்கே அதிகம் இறங்காது. அதாவது ஆவியாக்கும் முறைக்கே அங்கு பலன் குறைவு. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. டேட்டா சென்டரின் திறனைக் காட்டப் பி.யு.இ. என்றொரு விகிதம் 2007-இல் வழக்குக்கு வந்தது. மொத்த மின்சாரத்தைக் கணிப்பொறிகள் மட்டும் எடுத்த மின்சாரத்தால் வகுப்பார்கள். விடை ஒன்றை நெருங்க நெருங்கச் சிறப்பு. நீரை ஆவியாக்கி மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் விகிதம் அழகாக இறங்கும். செலவான நீர் அந்தக் கணக்கில் வராது. அதற்கு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். மின்சாரம் மட்டும் படித்தவர் முதல் விகிதத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடலாம். அப்பாவைப் போன்ற ஒருவர் அந்த மேசையில் இருந்தால்தான் இரண்டாவது கேள்வி எழும்.

துறைக்கொரு சுவர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்தது ஒன்று போதும். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரிலுள்ள அரசின் தகவல் மையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. அரசின் 709 கணிப்பொறி அமைப்புகள் நின்றன. நேராகத் தீக்கு இரையானவை அவற்றில் ஒரு பகுதியே. குளிரூட்டல் கெட்டதால் மற்றவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகத்துக்கு வெளியே நகல் இல்லை. மிகப் பெரியது என்பதால் நகல் எடுக்கவில்லையாம். அது எரிந்து போயிற்று. மின்கலம் மின்னியல்காரருடையது, குளிர் இயந்திரக்காரருடையது, நகல் கணிப்பொறிக்காரருடையது, அதற்குப் பணம் ஒதுக்குவது நிர்வாகத்தினுடையது. தீக்கு இந்தப் பாகுபாடு தெரியவில்லை. (எங்கள் ஊர்ச் சுவாமி அக்னீஸ்வரர்; தீயைப் பற்றி இவ்வளவு பேச எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.)

இதற்கென்று படிப்பு இல்லாமலில்லை. அமெரிக்காவில் டாலஸ் நகரத்துச் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் 2014-இல் டேட்டா சென்டர் அமைப்புப் பொறியியலில் முதுகலைப் பட்டம் தொடங்கியது. மின்னியல், குளிரூட்டல், வலையமைப்பு, கணிப்பொறி, நிர்வாகம் ஆகியவற்றை ஒரே மாணவன் ஒரே படிப்பில் பயில வேண்டும் என்பது அதன் நோக்கம். டாலஸ் எங்கே, நாம் எங்கே? ஆயினும் அதற்கு வேண்டிய துறைகளில் பாதி நம் கல்லூரியிலேயே இருக்கின்றன. வெப்ப இயக்கவியல் எங்கள் வகுப்பில். வலையமைப்பு மாடியில், கணிப்பொறி அறிவியலில். அடக்கவிலைக் கணக்கு எதிர்க் கட்டடத்தில், வணிகவியலில். இடையில் இருப்பது ஒரு வேப்பமரம். அதைத் தாண்டி நாங்கள் போவது கேண்டீனுக்கு மட்டுமே.

பிற துறை விருப்பப் பாடம் என்று ஒரு தாள் நமக்கு இருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். எதில் மதிப்பெண் எளிதாக விழும் என்று விசாரித்து அதற்கே எல்லோரும் எழுதிக் கொடுப்பதையும் அறிவீர்கள். நானும் சென்ற பருவத்தில் அப்படித்தான் செய்தேன். பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: மூன்று துறைகளும் சேர்ந்து, ஒரே கட்டடத்தின் மின்சாரத்தையும் வெப்பத்தையும் செலவையும் ஒன்றாகக் கணக்கிடும் தாள் ஒன்றை அமைத்துத் தரலாகாதா? பெரிய ஆய்வகம் வேண்டாம். நம் கல்லூரிக் கணிப்பொறி அறை, அதன் ஏஸி, அதன் மின்மானி போதும்.

வீட்டில் எனக்கு அரசுத் தேர்வு எழுதச் சொல்லும் உறவினர்களே மிகுதி. அண்ணனோ, "டிகிரிக்காரன்னா பி.இ. இருக்கான்னு கேப்பாங்க, என்னை மாதிரின்னா ஐ.டி.ஐ. கேப்பாங்க, பி.எஸ்ஸி.க்கு அங்க எந்த நாற்காலின்னு எனக்கே தெரியலடா" என்கிறார். எனக்கும் தெரியவில்லை. இந்தப் பருவத்துக்கு வணிகவியல் துறையின் கணக்கியல் தாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பற்று எது, வரவு எது என்பதில் இன்னும் தடுமாற்றம். முதல் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே அச்சிட விரும்பவில்லை.

அந்த 36,000 லிட்டர் கணக்கை அப்பாவின் நீர்மட்டக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் போட்டிருந்தேன். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். சென்ற வாரம் பார்த்தபோது அதன் கீழே அவர் கையெழுத்தில், "21 நிமிஷம் - சரி. மதகில் போட்டுப் பார்த்தது" என்று எழுதியிருந்தது.