மீன் மோளிக்கு எந்த ஒயின்?

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனிடமிருந்து போன வாரம் போன். "மாமா, ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. ஒயின் வைக்கணுமாம். எதை வாங்கறது, எவ்வளவுக்கு வாங்கறது?" பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்பு பார்க்கிற என்னிடம் ஏன் கேட்கிறான் என்றால், நான் குடியிருப்பது மட்டாஞ்சேரி கொச்சங்காடியில். கேரளாவில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை :-)

ஆனால் ஊர் பொருத்தமான ஊர்தான். கொச்சங்காடியில் 1344-ல் எழுந்த யூதர் ஜெபாலயத்தின் கல்வெட்டு இன்று மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் இருக்கிறது. அந்தக் கொச்சி யூதர்கள் பண்டிகைக்கு உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே ஒயின் செய்தவர்கள். எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை விளையும் மண். ஆக, திராட்சை நமக்கு அந்நியம் இல்லை.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

லேசான சாப்பாட்டுக்கு ஏன் வெள்ளை ஒயின்? சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்க வைப்பார்கள், அதனால் துவர்ப்பு ஏறும். வெள்ளைக்குச் சாறு மட்டும். புளிப்பும் குளிர்ச்சியும்தான் அதன் குணம். வறுத்த மீன் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே வேலையை இது செய்கிறது.

விலைப்படி மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, செனின் பிளாங்க். நாசிக்கின் சூலா போடுவது இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும். லேசான இனிப்பு உண்டு. காரம் கொஞ்சம் தூக்கலான நம் சமையலுக்கு அந்த இனிப்புதான் துணை. நெத்திலி வறுவல், இறால் தொக்கு எதற்கும் தாராளமாக வைக்கலாம்.

இரண்டாம் படி, சோவினியோன் பிளாங்க். இனிப்பில்லாதது, பச்சைப் புல் வாசனை. சூலாவிலும் உண்டு, பெங்களூர் நந்தி மலையடிவாரத்து குரோவரிலும் உண்டு. ஆப்பம், காய்கறி இஷ்டு, அவித்த மீன், சுண்டல் மாதிரி மிளகாய் குறைவான சாப்பாட்டுக்கு.

மூன்றாம் படி, வியோன்யே அல்லது ஷார்டனே. கொஞ்சம் கனமானவை. தேங்காய்ப்பால் விட்ட மீன் மோளிக்கு இதுதான். வெளிநாட்டுச் சரக்குக்கு இந்தியாவில் அடிப்படைச் சுங்கவரி மட்டும் 150 சதவீதம் என்று இருந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயினுக்குக் குறைத்திருக்கிறார்கள். எனவே இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு லேபிளுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி வரி, ருசி அல்ல. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: சிக்கனத்துக்கு சிலி நாட்டு சோவினியோன், அதற்கு மேலே நியூசிலாந்தின் மார்ல்பரோ, இன்னும் மேலே பிரான்சின் சாப்லி.

வத்தக்குழம்பு, புளிக்குழம்போடு எதையும் வைக்காதீர்கள். புளிக்கு முன்னால் எந்த ஒயினும் தண்ணீர்தான்.

வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். இந்த விலை வெள்ளை ஒயின்கள் பழகப் பழகச் சிறக்கும் சாதி இல்லை. இரண்டு வருடத்துக்குள் இருந்தால் நல்லது. வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டில் வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும். மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜிலேயே மூன்று நாள் வரை தாங்கும். கேரளாவில் 23 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது.

இனி, தங்கமணி என்னைக் கேட்ட கேள்வி. "உங்க பெரியப்பா தோட்டம் எப்படிப் போச்சுன்னு பையனுக்குத் தெரியும். இப்ப அதே வீட்டுல மேஜை மேல பாட்டில் வெச்சா அவன் என்ன நினைப்பான்?"

பெரியப்பாவின் இரண்டு ஏக்கர் சாராயத்தில்தான் போனது. பெரியம்மாவின் கம்மலும் கூடவே போனது. "இது ஒயின்தானே, ஜூஸ் மாதிரி" என்று தங்கமணியிடம் சொல்ல என் கணக்குப் புத்தி இடம் கொடுக்கவில்லை. கணக்கைப் போட்டேன்.

ஒரு பாட்டில் 750 மில்லி, ஐந்து கோப்பை. பன்னிரண்டரை சதவீதம் என்றால் ஒரு கோப்பையில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். 60 மில்லி லார்ஜ் விஸ்கியில் சுமார் 20 கிராம். அதாவது ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் என்பது மூன்றரை லார்ஜுக்கும் கொஞ்சம் அதிகம். ஜூஸும் இல்லை, மருந்தும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

இந்தக் கணக்கைப் பையன் முன்னாலேயே காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவனுக்கு வயது பதினாறு. "அப்ப எதுக்குப்பா வைக்கறீங்க?" என்றான். விருந்தாளிக்காக, சாப்பாட்டோடு, ஒரு கோப்பை, அதற்கு மேல் இல்லை என்றேன். "பார்க்கறேன்" என்றான். பார்க்கட்டும். ஒளித்து வைத்திருந்தால் அவனால் பார்க்க முடியாதே.

அக்கா மகனுக்கும் இதையே சொன்னேன். நாலு பேருக்கு ஒரு பாட்டில், இரண்டாவதைத் திறக்காதே. குடிக்காதவரை "ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்தாதே. அவருக்கு மட்டாஞ்சேரி பாணியில் எலுமிச்சை பிழிந்த சுலைமானி போட்டுக் கொடு. சாப்பாட்டுக்குப் பின் அதுவும் அருமை. வண்டி ஓட்டி வருகிறவருக்குச் சுலைமானி மட்டும்தான். பாட்டிலுக்கு எவ்வளவு செலவழிப்பது என்றால், அன்றைக்கு மீன் வாங்கிய காசை விட அதிகமாக வேண்டாம். விருந்தாளி மறுநாள் நினைத்துக்கொள்ள வேண்டியது மீனைத்தான்.