மொழி ஓரிடம், வழி ஓரிடம்

கிறிஸ்தவ சகோதரர்மார் நடத்தும் ஆண்பிள்ளைக் கலாசாலைகளைப்பற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக உலவி வருகின்றன. அங்கே படித்த பிள்ளை எந்தப் பரீட்சைக்கும் எந்த உத்தியோகத்திற்கும் அஞ்சாதவனாய் வெளிவருவான் என்பர் பட்டணத்துத் தமிழர். தோட்டத்துத் தமிழரோ, அங்கே போன பிள்ளை தாய்ப் பேச்சை மறந்துவிடுவான், திரும்பி வந்தால் லயத்து வாசலில் உட்காரவும் மாட்டான் என்பர். அக்கலாசாலைகளுள் ஒன்றில் நான்காண்டு படித்து, இப்பொழுது ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம், இரு கட்சியார் சொல்வதும் உண்மையே என்று சாட்சி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் இருவரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அப்பள்ளிகளை முதன்முதல் வகுத்த மனிதர் பிள்ளையின் மொழியையும் பிழைப்பையும் பிரித்து வைத்தவரல்லர். பிரித்ததெல்லாம் பின்னால் வந்த காலமே.

அவர் பெயர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். பிரான்சு தேசத்து ரேம்ஸ் நகரில் 1651ஆம் ஆண்டு செல்வக் குடியில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே அந்நகரத்துப் பேராலயத்தில் கானன் என்னும் வருவாயுள்ள பதவி அவருக்கு வாய்த்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க முயன்ற சில உபாத்தியாயர்களுக்கு ஏதோ உதவி செய்யப்போய், அவ்வேலையில் சிறிது சிறிதாக அகப்பட்டுக்கொண்டார். அக்காலத்து உபாத்தியாயர்கள் யார்? அரைப் படிப்பும் கால் வயிறுமாய்த் திரிந்தவர்கள். அவர்களைத் தம் வீட்டு வேலைக்காரனுக்கும் கீழாகவே தாம் மதித்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அத்தகையவர்களை 1681ஆம் ஆண்டில் தம் வீட்டிற்கே அழைத்து வந்து குடிவைத்தார். தம்முடன் ஒரே மேசையில் உண்ணச் செய்தார். உறவினர் கொதித்தெழுந்தனர். அவருடைய தம்பிமாரை அவ்வீட்டில் இருக்கவிடாமல் பிரித்து அழைத்துச் சென்றனர். சமபந்தி போஜனம் என்ற பேச்சு எழுந்த காலத்தில் நம் வீடுகளில் என்னென்ன நடந்தன என்பதை அறிந்த வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஜாதி என்ற சொல்லில்லாத நாட்டிலும் பந்தியில் ஜாதி இருந்தது!

அவ்வளவோடு நின்றதா? நாளையைப்பற்றிக் கவலைப்படாமல் வேலை செய்யுங்கள் என்று அவர் உபாத்தியாயர்களுக்கு உபதேசம் செய்தபொழுது, அவர்கள் அவரையே மடக்கினார்கள். உமக்குச் சொத்து இருக்கிறது, பதவி இருக்கிறது, நீர் சொல்லலாம். பள்ளி மூடினால் தெருவில் நிற்பவர்கள் நாங்களல்லவா என்ற கருத்துப்படக் கேட்டார்கள். அதற்கு அவர் வாயால் மறுமொழி சொல்லவில்லை. 1683ஆம் ஆண்டில் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் சொத்தை ஏழைகளுக்கு ரொட்டியாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். கூலியை உயர்த்தாமல் தியாகத்தைப்பற்றிப் பேசும் தலைவர்களை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம்; ஆதலால் இவ்வரலாற்றில் எமக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. பிற்பாடு, தம் கூட்டத்தைச் சேர்ந்த சகோதரர் எவரும் குருப்பட்டம் பெறலாகாது என்றும் விதித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதே அவர்களுக்கு முழு வேலையாயிற்று.

இனி அவர் பள்ளியைப் பார்ப்போம். அக்காலத்தில் பிரான்சில் குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பித்தது பெரும்பாலும் லத்தீன் மொழியில். குழந்தை வீட்டில் பேசுவதோ பிரெஞ்சு. பொருள் தெரியாத சொற்களைக் கிளிப்பிள்ளைபோல் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் ஏழைப் பையனுக்கு வேலைக்குப் போகும் வயது வந்துவிடும்; அவன் லத்தீனும் தெரியாமல் பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறுவான். லா சால் இவ்வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார். முதலில் பிள்ளை பேசும் மொழி. அதை நன்றாக வாசிக்க வந்தபின்னரே லத்தீன். சார்த்தர் நகரத்து மேற்றிராணியார் பழைய முறையே வேண்டுமென்றபொழுது, இவர் காரணங்களை வரிசைப்படுத்தி எழுதிக் காட்டினார். பேசும் மொழியில் படிப்பு விரைவில் வரும். கைத்தொழிலாளியின் பிள்ளை பள்ளியிலிருக்கும் காலம் குறைவு. அக்குறைந்த காலத்தில் அவனுக்கு உயிருள்ளவரை உதவுவதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பனவே அவற்றின் சாரம். அன்பர்களே, இதை எழுதியவர் தமிழரல்லர். நம் தோட்டப் பள்ளிகளைக் கண்டவருமல்லர். ஆயினும் முந்நூறாண்டுகளுக்கு முன் எழுதிய அவ்வாதத்தில் ஊர்ப்பெயரை மாற்றினால் போதும்.

பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துப் பாடம் கேட்பதை விடுத்து, வகுப்பு வகுப்பாக உட்காரவைத்து ஒரே பாடத்தை எல்லோருக்கும் சொல்லும் முறையை அவர் பள்ளிகள் நன்கு வேரூன்றச் செய்தன. உபாத்தியாயர் தொண்டை கிழியக் கத்தலாகாது. கையிலுள்ள ஒரு சிறு கருவியைத் தட்டினால் அந்த ஓசையைக் கேட்டே பிள்ளைகள் செய்யவேண்டியதைச் செய்வர். காலை உணவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்பர். அப்பொழுது உள்ளவன் தரும் ரொட்டியை வாங்கிச் சேர்த்து இல்லாதவனுக்குக் கொடுக்க மாணவன் ஒருவன் நியமிக்கப்பட்டிருப்பான். சம்பளம் யாரிடமும் இல்லை. இதனால் பாரீசு நகரத்து எழுத்தாசிரியர் சங்கத்தார் அவர்மீது வழக்காடி, 1704ஆம் ஆண்டில் அவருக்கு எதிராகத் தீர்ப்பும் பெற்றனர். இலவசப் பள்ளி உண்மையான ஏழைகளுக்கு மட்டும் இருக்கட்டும், காசு கொடுக்கக் கூடியவன் பிள்ளையை எப்படிச் சேர்க்கலாம் என்பதே அவர்கள் குறை. ஏழைக்கு ஒரு பெஞ்சு, பணக்காரனுக்கு ஒரு பெஞ்சு என்று பிரிக்க அவர் இணங்கவில்லை.

விதிகள் எவ்வளவு நல்லவையாயினும், அவற்றின் உயிரை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே இச்சகோதரர்மாரின் பள்ளிகள் சர்வகலாசாலைப் படிப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து வந்தன. அந்நாட்டில் அதற்கு லத்தீன் தேவைப்பட்டது. ஆதலால் லத்தீன் கற்பித்தார்கள். ஸ்தாபகர் லத்தீனை விலக்கினார் என்று சொல்லி, பிரான்சிலிருந்த தலைமைப்பீடம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1923ஆம் ஆண்டில்தான். ஏழைக்கு வழி திறக்கவென்று செய்த விதி, ஏழையின் வழியை ஏறக்குறைய கால் நூற்றாண்டு அடைத்து நின்றது.

நம் பக்கத்திற்கு அவர்கள் வந்தது 1852ஆம் ஆண்டில். பூரேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் முயன்று அழைத்து வந்த ஆறு சகோதரர்களால் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பள்ளிகள் தோன்றின. சிங்கப்பூர் பிராஸ் பாசா வீதியில் குவிமாடமும் வளைந்த இரு சிறகுகளுமாய் நிற்கும் பழைய செயிண்ட் ஜோசப்ஸ் கட்டிடத்தை அறியாதார் யார்? பள்ளி 1988ஆம் ஆண்டில் மால்கம் வீதிக்குப் போய்விட்டது. கட்டிடம் 1996ஆம் ஆண்டில் ஓவியக் காட்சிசாலையாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஆங்கிலத்தில் கற்பித்தார்கள் என்பதைக் கவனிக்க. இந்நாட்டில் பிழைப்பின் கதவு ஆங்கிலத்தில் திறந்தது. ஆதலால் அக்கதவைக் காட்டினார்கள். அதில் குற்றமில்லை. தமிழ்ப் பிள்ளையின் தாய்மொழியோ தோட்டத்தில் தங்கிவிட்டது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று விதித்தது. அப்பள்ளியில் தமிழ் இருந்தது, அதற்குமேல் போக வழியில்லை. பட்டணத்துப் பள்ளியில் வழி இருந்தது, தமிழில்லை. லா சால் ஒரே அறையில் வைத்த இரண்டும் இங்கே முப்பது மைல் இடைவெளியில் நின்றன.

அந்த இடைவெளி எம் குடும்பத்தின் நடுவிலும் ஓடியது. எம் தந்தையார் கிராணி. 1970ஆம் ஆண்டு தொடங்கி மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகள் மலாய் மொழிக்கு மாறுவதற்கு முன் ஆங்கிலம் படித்தவர். தாயார் லயத்தில் பிறந்தவர். புரோகிதரில்லாமல் தோட்டத்து மண்டபத்தில் நடந்த திருமணம் அது. தாயாரின் அண்ணனுக்கு ஒரு மகன். எம்மினும் எட்டு மாதம் மூத்தவன். பாட்டியார் முப்பதாண்டு பால்மரம் வெட்டிச் சேர்ந்த சேமநிதிப் பணத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரர்களையும் சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்று விசாரித்தார். பணம் ஒருவனுக்குத்தான் போதும் என்று தெரிந்தது. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். மாமன் மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவன். ஆங்கிலத் தாளைப் பார்த்தவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த நாம் எழுதிவிட்டோம். அன்று தேர்ந்தெடுக்கப்பட்டது அறிவன்று என்பதை அறிய எமக்குப் பன்னிரண்டு வயது போதுமானதாக இருந்தது.

விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, சட்டைப்பையில் கடவுச்சீட்டுடன் கடற்பாலம் தாண்டிப் போவோம். அப்பள்ளியின் பெயர் இங்கே வேண்டா. அங்கே எங்களை யாரும் ஜாதி கேட்டதில்லை. தகப்பன் என்ன வேலை என்று கேட்டவரும் குறைவு. பெரிய தவுக்கேயின் மகனும் நாமும் நான்காண்டு ஒரே பெஞ்சில் இருந்தோம். சகோதரர்களில் எஞ்சியிருந்தவர் ஒருவரே. கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டை தொங்க, நீண்ட வெள்ளை அங்கியோடு புத்தகசாலையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் எம் கணக்கைப் பார்த்துவிட்டு, மனத்திற்குள் எந்த மொழியில் கூட்டுகிறாய் என்று கேட்டார். ஆங்கிலத்தில் என்றோம். தாம் அறுபதாண்டு ஆங்கிலத்தில் கற்பித்தும் இன்னும் கூட்டல் போடுவது தம் தாயார் பேசிய மொழியிலேதான் என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார். தமிழ் வேண்டும் மாணவர் மாலையில் வேறோரிடத்திற்குப் போய்ப் படிக்கவேண்டும்; எம் பேருந்தோ அதற்கு முன்பே புறப்பட்டுவிடும். ஆகவே தமிழுக்கு விலக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

எமக்குத் தமிழ் தந்தவன் மாமன் மகனே. ஞாயிறுதோறும் லயத்துத் திண்ணையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்கச் செய்தான். றகர ரகரம் தவறினால் தலையில் குட்டுவான். அவனோ மலாய் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பென்று ஓராண்டு இருந்து, மேலே மூன்றாண்டு தடுமாறி, வெளியேறி, இன்று எம் தோட்டத்திலேயே டிராக்டர் ஓட்டுகிறான். சம்பள நாளில் அவன் பெயருக்கு நேரே தொகையை எழுதும் கை எம்முடையது. பாட்டியார் காலமானபொழுது சேமநிதி அலுவலகத்து ஆங்கிலக் கடிதங்களை நாம் பார்த்துக்கொண்டோம். வந்த கூட்டத்திற்குமுன் அந்த அம்மையாரின் வாழ்க்கையைப்பற்றிக் கண்ணீர் வரப் பேசியவன் அவன். பேரர் இருவரும் சேர்ந்து அன்று ஒரு பேரனாக நின்றோம்.

அவன் மகனுக்கு இப்பொழுது பதினொரு வயது. மூன்று மாதத்திற்கு முன் டிராக்டரை ஆபீசு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "மச்சான், இவனை நீ போன வழியிலேயே அனுப்பட்டுமா?" என்று கேட்டான். அயல்நாட்டு மாணவருக்கு இன்றுள்ள சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பணத்தைக் கேட்கவில்லை, தமிழ் போய்விடுமா என்று கேட்கிறேன் என்றான்.

அதன் பின்னர்தான், மூடிக்கிடந்த ஆயாக் கொட்டகையைத் துரையிடம் கேட்டு வாங்கினோம். இன்று எம் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. வெட்டு வேலைக்கு இந்தோனேசியரும் வங்காள தேசத்தாருமே அதிகம். ஆயினும் சனி மாலைகளில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். எம் மகளும் அவர்களுள் ஒருத்தி. முதல் ஒரு மணி நேரம் நாம் ஆங்கிலம் சொல்லுகிறோம். அடுத்த ஒரு மணி நேரம் மாமன் மகன் டிராக்டர் எண்ணெய் படிந்த கையோடு தமிழ் சொல்லுகிறான். லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் முன்பே தெரியும். பயந்து நடுங்குபவர்கள் உத்தியோகஸ்தர் பிள்ளைகள்தாம். உதவிக் கிராணி ஒருவர், தம் பெண்ணை டிராக்டர் ஓட்டுபவனிடம் படிக்க அனுப்புவதாவது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். அவர் இன்றுவரை அப்பக்கம் வரவில்லை. அவர் மனைவியார் மட்டும் சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு டின் ரொட்டியோடு பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். ரொட்டியை எல்லோரும் தின்கிறார்கள். பெஞ்சு மூன்றுதான் இருக்கிறது. தச்சரிடம் இன்னும் இரண்டு சொல்லியிருக்கிறோம்.