தோற்ற பையனின் பெயரும் பேப்பரில் வரும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். மக்காச்சோள வயல், உயரமான தண்ணீர்த் தொட்டி, ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பெரிய விளையாட்டு அரங்கம். நியூ காசில் என்ற ஊரில் 1959-ல் திறந்த அரங்கத்தில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. அப்போது அந்த ஊரின் ஜனத்தொகையே இருபதாயிரம் சொச்சம்தான். இத்தனை பெரிய அரங்கத்தைக் கட்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்துக்காக.

கூடைப்பந்து பிறந்தது இந்தியானாவில் அல்ல. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக்கூடைகளை மாட்டி ஆரம்பித்துவைத்த ஆட்டம் அது. ஆனால் வேர் பிடித்தது இந்தியானாவின் கிராமங்களில். அதற்குக் காரணம் எளிமையானது. அறுவடை முடிந்து குளிர்காலம் வந்துவிட்டால் விவசாயக் குடும்பங்களுக்கு வயலில் வேலை குறைவு. வெளியே பனி. அமெரிக்கக் கால்பந்து ஆட ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். கவசம், தலைக்கவசம் என்று செலவு வேறு. கூடைப்பந்துக்கு ஐந்து பையன்கள் போதும். மொத்தமே முப்பது பையன்கள் படிக்கிற பள்ளிக்கூடமும் ஓர் அணியைத் தேற்றிவிடலாம். களஞ்சியத்துச் சுவரில் ஒரு வளையத்தை அடித்துவிட்டால் பயிற்சிக்கும் இடம் தயார்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு சின்னப் பத்திரிகை இருக்கும். அதில் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரே ஒருவர் இருப்பார். நிருபர், உதவி ஆசிரியர், பிழைதிருத்துபவர், சில நாள் புகைப்படக்காரர் எல்லாமே அவர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டக்களத்தின் ஓரத்தில், ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு வேலை ஆரம்பம். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர்கள் போனில் சொல்லும் ஸ்கோரையெல்லாம் குறித்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பெரிய நகரத்து விளையாட்டு நிருபருக்கு இல்லாத ஒரு சங்கடம் இவருக்கு உண்டு. நகரத்து நிருபர் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரரைப் பற்றி நாலு வரி காட்டமாக எழுதிவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடலாம். இவர் எங்கே போவார்? எழுதப்பட்ட பையனின் அம்மாதான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பார். அப்பா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு வரிசை தள்ளி இருப்பார். அந்தப் பையனே சனிக்கிழமை மளிகைக் கடையில் இவருடைய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்பான்.

அதனால் அவருக்கு எழுதப்படாத சில விதிகள் உண்டு. முதல் விதி, பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது. ஸ்கோர் தப்பினால்கூட மறுநாள் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். பையனின் பெயர் தப்பாக வந்த பேப்பரைப் பாட்டி கத்தரித்து ஒட்டிவைக்க மாட்டார். இரண்டாவது, கடைசி ஒரு நிமிடம் மட்டும் ஆட இறங்கிய பையனுக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். அவன் ஒரு புள்ளிகூட எடுக்காமல் இருக்கலாம். ஆனால் சீசன் முழுக்க தினமும் பயிற்சிக்கு வந்தவன்.

மூன்றாவதுதான் கஷ்டமான விதி. ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி சில நொடிகளில் ஒரு பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கிறது. யாரும் மறிக்காமல், கோட்டில் நின்று தனியாகப் போடும் வாய்ப்பு அது. அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறது. இரண்டையும் தவறவிடுகிறான். மறுநாள் பேப்பரில் எப்படி எழுதுவது?

நடந்ததை மறைக்க முடியாது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. தலைப்பிலேயே அவன் பெயரைப் போட்டால் அதுவும் பொய்யாகிவிடாது. ஆனால் மூன்றாவது கால் பகுதியில் மொத்த அணியும் சேர்ந்து கோட்டைவிட்ட வாய்ப்புகள் எத்தனை, எதிரணிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்த பந்துகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், தோல்விக்குப் பத்துக் காரணம் கிடைக்கும். அந்தப் பையனின் இரண்டு பந்துகள் அதில் ஒன்று மட்டுமே. நல்ல நிருபர் பத்தையும் எழுதுவார். கீழே சிறிய எழுத்தில் வரும் பட்டியலில், அவன் பெயருக்கு நேரே இரண்டு முயற்சி, பூஜ்யம் வெற்றி என்பது அப்படியே இருக்கும். உண்மை எங்கும் போகவில்லை. அதைப் பதினாறு வயதுப் பையன் ஒருவனின் தலையில் மட்டும் ஏற்றி வைக்கவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் அவன் கணக்கு வகுப்பில் போய் உட்கார வேண்டியவன்.

இந்தியானாக் கூடைப்பந்து என்றால் எல்லோரும் சொல்வது மிலன் கதை. 1954-ல் மிலன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் 161 பேர். ஊரில் இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அப்போது மாநிலத்தில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவெல்லாம் கிடையாது. 751 பள்ளிகளுக்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை. மார்ச் 20 அன்று, இண்டியானாபொலிஸ் நகரின் பட்லர் அரங்கில் (இன்று ஹிங்கிள் அரங்கம்) நடந்த இறுதி ஆட்டத்தில், பன்மடங்கு பெரிய பள்ளியான மன்சி சென்ட்ரலை மிலன் எதிர்கொண்டது. கடைசிக் கால் பகுதியில் பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கும் மேல் சும்மா நின்றான். அந்தக் காலத்து விதி அதற்கு இடம் கொடுத்தது. பிறகு ஆட்டம் 30-30 என்று சமமாக நின்றபோது, கடைசி நொடிகளில் அவனே பந்தை வளையத்துக்குள் போட்டான். 32-30. மறுநாள் அந்தக் குட்டி ஊருக்குள் நாற்பதாயிரம் பேர் திரண்டார்கள் என்கிறார்கள். அந்தக் கதையைத் தழுவித்தான் 1986-ல் ஜீன் ஹேக்மேன் நடித்த 'ஹூசியர்ஸ்' படம் வந்தது.

படம் பார்த்தவர்கள் மிலனை நினைவில் வைத்திருக்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவருக்கோ வேறொரு கணக்கும் தெரியும். 751 பள்ளிகள் கலந்துகொண்டால் 750 பள்ளிகளின் சீசன் தோல்வியில்தான் முடியும். நாக்-அவுட் போட்டியின் இயல்பு அது. ஆகவே ஒரு சின்ன ஊர் நிருபர் முப்பது வருஷம் எழுதினால், பெரும்பாலும் முப்பது தடவையும் மார்ச் மாதத்தில் அவர் எழுதப்போவது தோல்வியைப் பற்றித்தான். தோல்வியைக் கௌரவமாக எழுதத் தெரியாதவர் அந்த வேலையில் நிலைக்க முடியாது.

அந்த மிலன் அணி, இறுதிப் போட்டிக்குப் போகும் வழியில் தோற்கடித்த பள்ளிகளில் ஒன்று இண்டியானாபொலிஸின் கிரிஸ்பஸ் அட்டக்ஸ். கறுப்பின மாணவர்களைத் தனியே ஒதுக்குவதற்காக 1927-ல் திறக்கப்பட்ட பள்ளி அது. 1942 வரை அந்தப் பள்ளியை மாநிலப் போட்டியில் சேர்க்கவே இல்லை. மிலன் ஜெயித்ததற்கு அடுத்த வருஷம், 1955-ல், ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற மாணவனோடு அட்டக்ஸ் கோப்பையை வென்றது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மாநிலப் போட்டியில் கறுப்பின மாணவர்கள் மட்டுமே படித்த பள்ளி ஒன்று ஜெயித்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தப் பிள்ளைகளை ஊரின் நடுமத்தியில் நின்று கொண்டாட விடவில்லை. ஊர்வலத்தை, கறுப்பின மக்கள் வசித்த பகுதியிலிருந்த ஒரு பூங்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காயம் ராபர்ட்சன் மனதில் வெகுகாலம் ஆறாமல் இருந்தது. மறுவருஷம் அட்டக்ஸ் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மறுபடியும் கோப்பையை வாங்கியது.

'நம்ம ஊர்', 'நம்ம பசங்க' என்ற வார்த்தைகள் விளையாட்டுப் பக்கத்தில் சுலபமாக வந்து விழும். அந்த 'நம்ம'வுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று எழுதுகிறவர் யோசித்தே ஆக வேண்டும் என்பதற்கு அட்டக்ஸ் ஒரு பாடம். பெண் பிள்ளைகளின் கதையும் அப்படித்தான். இந்தியானாவில் பையன்களுக்கான மாநிலப் போட்டி 1911-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு முதல் போட்டி நடந்தது 1976-ல். வார்சா என்ற ஊரின் அணி ஜெயித்தது. இடைப்பட்ட 65 வருஷமும், அதே ஊர்களின் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கூட்டத்தில் நின்று கைதட்டும் இடம்தான் கிடைத்தது. விளையாட்டுப் பக்கத்தில் அவர்கள் பெயர் வருவதற்கு வழி குறைவு.

ஊரை ஊராகப் பிடித்து வைத்திருந்த பள்ளிக்கூடங்களும் நிலைக்கவில்லை. 1959-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, சின்னப் பள்ளிகளை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வேலை வேகமெடுத்தது. நல்ல ஆய்வுக்கூடம், கூடுதல் ஆசிரியர்கள் என்று படிப்புக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் பள்ளி மூடிய ஊரில் வெள்ளிக்கிழமை ராத்திரி விளக்கு எரியும் இடம் ஒன்று குறைந்துபோனது. அணியின் பெயர், சட்டையின் நிறம், பக்கத்து ஊரோடு இருந்த செல்லச் சண்டை எல்லாம் சேர்ந்தே போயின.

எல்லா இணைப்பும் கசப்பாக முடியவில்லை. ஃபிரெஞ்ச் லிக், வெஸ்ட் பேடன் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். கூடைப்பந்தில் ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. 1957-ல் இரண்டு பள்ளிகளையும் சேர்த்து ஸ்பிரிங்ஸ் வேலி என்று ஒரே பள்ளியாக்கினார்கள். பெரியவர்கள் முறைத்துக்கொண்டு நின்றபோது பிள்ளைகள் சேர்ந்து ஆடினார்கள். முதல் சீசனிலேயே ஒரு தோல்வியும் இல்லாமல் மாநிலத்தின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து நின்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாததை அந்தக் குளிர்காலம் தீர்த்துவைத்தது. பிற்பாடு லாரி பேர்ட் என்ற மகத்தான ஆட்டக்காரர் வந்ததும் அந்தப் பள்ளியிலிருந்துதான்.

1997-ஓடு ஒரே கோப்பை முறையும் முடிந்தது. மறுவருஷத்திலிருந்து பள்ளியின் அளவைப் பொறுத்து நான்கு பிரிவு, நான்கு கோப்பை. பாபி பிளம்ப் இதைக் கடைசி வரை எதிர்த்தார். பெரிய பள்ளியைச் சின்னப் பள்ளி சாய்க்கும் வாய்ப்பே இல்லாமல் போகும், பக்கத்து ஊரோடு மோதும் ஆட்டத்துக்கு வரும் கூட்டமும் குறையும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். மாற்றத்தைக் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. இரண்டாயிரம் பேர் படிக்கிற பள்ளியோடு இருநூறு பேர் படிக்கிற பள்ளியை மோதவிட்டு, எப்போதாவது ஒரு மிலன் வரும் என்று காத்திருப்பது எந்த ஊர் நியாயம்? இரண்டு பக்கமும் நாற்பது வருஷம் பழகிய முகங்கள். விளையாட்டுப் பக்கத்துக்காரர் எதை எழுதினாலும் பாதி ஊருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு சின்ன ஊர்ப் பையன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, 'இது முழுக் கோப்பை இல்லை, கால் கோப்பைதான்' என்று அவனிடம் போய் யார் சொல்வது?

அரங்கங்களும் மூடப்படுகின்றன. ஆண்டர்சன் நகரில் ஒன்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த 'விக்வாம்' அரங்கத்தை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2011-ல் பள்ளி நிர்வாகம் மூடியது. அதற்கு முன்பே கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஊரைவிட்டுப் போயிருந்தன. வேலை போனால் குடும்பம் போகும். குடும்பம் போனால் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளைகள் குறைந்தால் அரங்கம் காலியாகும்.

அடுத்தது பத்திரிகையின் முறை. 2005-லிருந்து இதுவரை அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட ஊர் வாரப் பத்திரிகைகள். பத்திரிகை தப்பித்த ஊரிலும் விளையாட்டுப் பக்கத்துக்கென்று ஓர் ஆள் இருப்பது அபூர்வம். ஸ்கோர் தெரிந்துகொள்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஆட்டம் முடியும் முன்பே செல்போனில் வந்துவிடுகிறது. யார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கால் சுளுக்கோடு யார் ஆடினார், தோற்ற பிறகு எதிரணிப் பையனின் கையை யார் போய்க் குலுக்கினார் என்பதெல்லாம் அதில் வருவதில்லை. அதைப் பார்க்க ஒருவர் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஊர்களின் நூலகங்களில் பழைய பேப்பர்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இறந்துபோன தாத்தாவைப் பற்றி இரங்கல் குறிப்பு எழுதுவதற்காகப் பேரனோ பேத்தியோ வந்து புரட்டுவார்கள். எந்த வருஷம் அணியில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். தலைப்பில் அவர் இருக்க மாட்டார். படத்தில் இருக்க மாட்டார். கீழே பொடி எழுத்துப் பட்டியலில், எழுத்துப்பிழை இல்லாமல், அவர் பெயர் இருக்கும். பக்கத்தில் 'இரண்டு புள்ளி' என்று போட்டிருக்கும். அன்றைக்கு அந்த அணி தோற்றிருக்கும்.