வினைமுற்று வருமுன் சிரிப்பவர்கள்

ஐ.பி.எல். தொடங்கி மூன்று வாரங்கள் கழிந்துவிட்டால் நம் சமூக ஊடகங்களில் ஓர் எழுத்து வகை செழிக்கத் தொடங்கும். எழுதுபவரின் அணி வென்றதைப் பற்றியதன்று அது. எதிரணி தோற்பதைப் பற்றியது. எழுதுபவரின் அணி அன்றைக்கு ஆடியிருக்கவே வேண்டியதில்லை. புள்ளிப் பட்டியலின் அடியில் எதிரணியின் பெயர் நிற்கும் படம் ஒன்று போதும். இதற்குத் தமிழில் 'கெக்கலி கொட்டுதல்' என்று பொருத்தமான பெயர் உண்டு. கையொலியும் சிரிப்பொலியும் ஒருங்கே கேட்கும் சொல் அது.

2025 ஏப்ரலில் நான் அக்கெக்கலியைக் கேட்கும் பக்கத்தில் இருந்தேன். மும்பையை வென்று பருவத்தைத் தொடங்கிய சென்னை, அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 50 ஓட்டங்களில் தோல்வி. 2008க்குப் பின் அம்மைதானத்தில் பெங்களூரு சென்னையை வென்றது அன்றுதான். ஏப்ரல் 11 அன்று, அதே மைதானத்தில், 20 ஓவர்கள் ஆடி 103 ஓட்டங்கள்; கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எட்டிவிட்டது. பெங்களூரில் ஆய்வு மாணவனாக இருக்கும் ஒரு சென்னை ரசிகனின் அலைபேசி அவ்விரவில் எப்படி அதிர்ந்திருக்கும் என்பதை நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பருவத் தொடக்கத்தில் கொட்டப்படும் கெக்கலிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இறுதிப் போட்டியில் தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஏப்ரலில் எதுவும் முடியவில்லை. இலக்கண மொழியில் சொன்னால், ஏப்ரல் மாதப் புள்ளிப் பட்டியல் ஒரு வினையெச்சம். தமிழில் முடிக்கும் வினை தொடரின் இறுதியில் வருகிறது. 'தோற்று' என்ற இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்க வேண்டும். தோற்று வெளியேறினார்களா, தோற்றுத் தேறினார்களா என்பதை இறுதிச் சொல்தான் தெரிவிக்கும். கெக்கலி கொட்டுபவர் அந்த இறுதிச் சொல் வருமுன் சிரிக்கிறார்.

அப்படிச் சிரித்தவர்களின் பட்டியல் நீளமானது. 2010இல் சென்னை முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றது. அவ்வாண்டுக் கோப்பை சென்னைக்கு. 2014இல் கொல்கத்தா முதல் ஏழில் இரண்டை மட்டுமே வென்றது. பின்னர் தொடர்ந்து ஒன்பது வெற்றிகள், கோப்பை. 2015இல் மும்பை முதல் நான்கிலும் தோற்றது. அப்போது சிரித்தவர்களுள் சென்னை ரசிகர்கள் ஏராளம். இறுதிப் போட்டியில் மும்பை வீழ்த்தியது சென்னையைத்தான். ஆனால் 2025 சென்னைக்கு இறுதிச் சொல் வேறாக வந்தது: பத்தாவது இடம், வரலாற்றில் முதன்முறை. கெக்கலி சில நேரம் பலிக்கவும் செய்கிறது. எப்போதும் பொய்த்துப் போவதாயின் யாரும் அதைக் கொட்டமாட்டார்கள்.

இந்த வழக்கம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, ஐ.பி.எல்.லின் தொடக்கச் சுற்றில் 14. நம் ஒரு தோல்வி அவர்களுடைய பதினொன்று, பன்னிரண்டு தோல்விகளுக்கு நிகர். அவ்வளவு நீண்ட பருவத்திலும் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர் நியூயார்க் யாங்கீஸின் தோல்விகளை எண்ணத் தொடங்கிவிடுவார். யாங்கீஸ் ரசிகரும் அவருக்குச் சளைத்தவரல்லர். 1978 ஜூலை 19 அன்று யாங்கீஸ் பாஸ்டனைவிட 14 ஆட்டங்கள் பின்தங்கி நின்றது. ஏப்ரல் அன்று, பருவத்தின் பாதி கடந்துவிட்டது; சிரிக்கலாம் என்று நினைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. பருவ முடிவில் இரண்டும் சமநிலைக்கு வந்தன. அக்டோபர் 2 அன்று, பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில், தீர்மானிக்கும் ஒற்றை ஆட்டத்தில் யாங்கீஸ் 5-4 என வென்றது. அதன்பின் வேர்ல்டு சீரிஸ் பட்டமும் அவர்களுக்கே.

பொய்த்துப்போகும் வாய்ப்பு இவ்வளவு இருந்தும் மனிதர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? இதே இரு பேஸ்பால் அணிகளின் தீவிர ரசிகர்களை வைத்து மினா சிகாரா, மேத்யூ பாட்வினிக், சூசன் ஃபிஸ்க் ஆகிய மூவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டக் காட்சிகளைக் காட்டி ரசிகர்களின் மூளை இயக்கத்தைப் படம்பிடித்தார்கள். தம் அணி வெல்லும்போது இன்பத்தோடு தொடர்புடைய எந்தப் பகுதி தூண்டப்பட்டதோ, அதே பகுதி எதிரணி தோற்கும்போதும் தூண்டப்பட்டது. எதிரணி தோற்றது தொடர்பில்லாத மூன்றாம் அணியிடம் என்றாலும் அப்படியே. கெக்கலி கொட்டுபவருக்குக் கிடைப்பது உண்மையான இன்பம். அவ்வாய்வின் மற்றொரு முடிவைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இவ்வின்பம் யாரிடம் மிகுதியாகத் தூண்டப்பட்டதோ, அவர்களே எதிரணி ரசிகர் ஒருவருக்குத் தீங்கு செய்யவும் கூடும் என்று மிகுதியாகச் சொன்னார்கள். அணி தோற்றதில் மகிழ்வதற்கும் மனிதரைத் தாக்க நினைப்பதற்கும் நடுவே உள்ள வழி நாம் எண்ணுவதைவிடக் குறுகியது.

இதை நான் மூளையின் வழியாகவன்றி மொழியின் வழியாகப் பார்க்கப் பழகியவன். 1976இல் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள்: தம் பல்கலைக்கழக அணி வென்றால் மாணவர்கள் 'நாங்கள் வென்றோம்' என்கிறார்கள், தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்' என்று சொல்ல முனைகிறார்கள். ஆங்கிலத்துக்கு இருக்கும் 'நாம்' ஒன்றுதான். தமிழ் ரசிகனுக்கோ இரண்டு. சக ரசிகனிடம் 'நாம ஜெயிச்சிட்டோம்' என்பான்; எதிரணி ரசிகனிடம் 'நாங்க ஜெயிச்சிட்டோம்' என்பான்; தோற்ற மறுநாள் 'அவனுங்க ஆடவே மாட்டேங்கிறானுங்க' என்று படர்க்கைக்குத் தப்பி ஓடுவான். கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற இந்த வேறுபாடு மலையாளத்தில் உண்டு, தெலுங்கில் உண்டு. இன்றைய கன்னடத்தில் இல்லை. அங்கே இரண்டுக்கும் 'நாவு' ஒன்றே.

ஆகையால்தான் பெங்களூரு ரசிகர்களின் புகழ்பெற்ற முழக்கம் என் காதில் வேறுவிதமாக ஒலிக்கிறது. 'ஈ சல கப் நம்தே.' இந்த முறை கோப்பை நமதே. அந்த 'நம்தே' நம் 'நமதே'யின் உடன்பிறப்பு. ஈற்றிலுள்ள ஏகாரம் நம் தேற்றேகாரமேதான். கன்னடர் கேட்பவரை விலக்கிச் சொன்னாலும் தமிழ்க் காதுக்கு அது உளப்படுத்துவதாகவே கேட்கும். எதிரணிக்காரனான என்னையும் சேர்த்துக்கொண்டு கோப்பைக்கு உரிமை கோருவதுபோல் இருக்கும்.

இதை முதன்முதலில் என் ஆய்வுக்கூட நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். மண்டியா மாவட்டத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர். நான் திருவரங்கத்துக்காரன். இருவர் ஊரும் காவிரியின் தீவுகள். இரண்டிலும் படுத்திருப்பவர் ஒரே அரங்கநாதர். எங்களுக்குள் கிரிக்கெட் மட்டும் வேறு.

2024இல் பெங்களூரு முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் அவருக்கு ஒரே சொல்லை அனுப்பினேன்: 'நம்தா?' ஏகாரத்தை எடுத்துவிட்டு வினா ஆகாரத்தை வைத்தால் போதும். இரு மொழிக்கும் பொதுவான இலக்கணம், உயிரெழுத்து ஒன்றின் செலவில் ஒரு கெக்கலி. ஏழு முறையும் அவர் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்: 'இன்னூ இதெ.' இன்னும் இருக்கிறது. வினைமுற்று இன்னும் வரவில்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பிறகு பெங்களூரு ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. மே 18 அன்று சின்னசாமி மைதானத்தில் சென்னையுடன் கடைசி ஆட்டம். குறைந்தது 18 ஓட்டங்களில் வென்றால்தான் பெங்களூருக்கு அடுத்த சுற்று. 27 ஓட்டங்களில் வென்றார்கள். நானும் நண்பரும் ஒன்றாகத்தான் போயிருந்தோம்; அவர் சிவப்புச் சட்டை, நான் மஞ்சள். திரும்பி மெட்ரோ நிலையம் நோக்கி நடக்கையில் முன்பின் அறியாத ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அடிக்கவில்லை. முகத்தருகே வந்து கத்தினார்கள். அவர்கள் கத்தியவற்றில் புதிய வாக்கியம் ஏதுமில்லை. அன்று மாலை முழுவதும் நண்பர் எனக்குச் சொல்லிச் சிரித்த அதே சொற்கள், ஏறக்குறைய அதே வரிசையில். நண்பர் தம் மழைச்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டு, "மளெ பருத்தெ மகா, ஹாக்கோ" என்றார். மழை வருமாம், போட்டுக்கொள்ளச் சொன்னார். மாலையில் பெய்த மழை எப்போதோ நின்றிருந்தது.

ஒரே சொற்கள் ஒருவர் வாயில் கேலியாகவும் மற்றவர் வாயில் அச்சுறுத்தலாகவும் எப்படி ஆகின்றன என்பது மொழியியலில் பழைய கேள்வி. அதற்கு நம் உறவுமுறையே நல்ல விடை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரையொருவர் எவ்வளவும் கேலி செய்யலாம். பங்காளிகளுக்குள் அது கூடாது. கேலி செய்ய 'முறை' வேண்டும். இத்தகைய உறவுகளை மானுடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரவுன் 1940இல் தனிக் கட்டுரையாக எழுதினார். மணத்தால் இணையவும் பிரியவும் கூடிய இரு குழுக்கள் தங்களுக்குள் உள்ள உரசலை அனுமதிக்கப்பட்ட அவமதிப்பாக மாற்றிக்கொள்கின்றன என்பது அவர் விளக்கத்தின் சாரம். நண்பனை 'மச்சான்' என்று நாம் அழைப்பது தற்செயலன்று. அச்சொல்லே ஒரு கேலி உரிமம்.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது. உரையாசிரியரான பேராசிரியர் அந்த எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதற்கு இடம் இருக்கும்வரை அது எள்ளல். அந்த இடம் இல்லாமற்போனால் வசை. அன்றிரவு வீதியில் எனக்குச் சிரிக்க இடமில்லை.

இதை மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், நம் இரு மாநிலங்களுக்கு நடுவே கிடக்கும் பழைய கணக்கை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. சென்னையில் கர்நாடகத்தவரின் உணவகம் தாக்கப்பட்டது. 2018இல், இரண்டாண்டுத் தடைக்குப்பின் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய சென்னை அணி அங்கே ஆட முடிந்தது ஒரே ஓர் ஆட்டம். ஏப்ரல் 10 அன்று காவிரிப் போராட்டத்தின்போது மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. தமிழனும் கன்னடனும் ஒருவர் தோல்வியை மற்றவர் கொண்டாடும்போது அந்த ஆறும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கேலிக்குரிய முறையை நாம் உண்டாக்கிக்கொண்டால் அது உரசலைக் கரைக்கும். முறையில்லாதவன் கையில் அதே கேலி தீக்குச்சி. ஆகவே கெக்கலியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை முகம் தெரிந்தவர்க்கே கொட்டுங்கள் என்கிறேன்.

2025 ஜூன் 3 இரவு, பதினெட்டாவது பருவத்தில், பெங்களூரு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. பஞ்சாபை வென்றது 6 ஓட்டங்களில். சற்று நேரத்தில் நண்பரின் செய்தி வந்தது: 'நம்தே.' நானும் 'நம்தே' என்றே பதில் எழுதினேன். தமிழில் எழுதியிருந்தால் நாமா, நாங்களா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கன்னடம் அந்தத் தேர்வை என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் மாலை மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அவரை அழைத்துப் பார்த்தேன், அறையில்தான் இருந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. அன்றிரவும் நான் இருந்த ஒரு ரசிகர் குழுவில் கேலிப் படங்கள் வந்துகொண்டிருந்தன. வெளியேறிவிட்டேன்.

பருவங்கள் வரும். சென்னை முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றால் அவரிடமிருந்து ஏதேனும் ஒற்றைச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். பதில் கைவசம் இருக்கிறது: இன்னூ இதெ.

உங்கள் வட்டாரத்தில் கெக்கலி கொட்டுவதற்கு வேறு சொல் வழங்கினால் கீழே எழுதுங்கள். சேர்த்துவைத்துக்கொள்கிறேன்.