கொழுந்து வாட்டிய கையில் மாயாவி

ஹட்டனில் பழைய புத்தகம் விற்கும் நண்பர் போன மாதம் ஒரு முத்து காமிக்ஸை என் கையில் வைத்தார். அந்தப் பிரதியை எனக்கு முன்பே தெரியும். ஒழுகும் லயக்கூரையின் கீழ் வருஷக்கணக்காகக் கிடந்து, முதுகு சுருண்டு, அட்டை தகரக்கூரை மாதிரி நெளிந்து போயிருந்தது. இப்போது அச்சகத்திலிருந்து வந்தது போலப் படிந்து கிடந்தது. யார் செய்தது என்று கேட்டேன். "நோட்டன் பிரிட்ஜ்ல ஒரு அண்ணன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போவமா?" என்றார். என்னிடமும் ஒரு பழைய மாயாவி புத்தகம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய காமிக்ஸை இப்படி நிமிர்த்துவதைச் சேகரிப்பாளர்கள் 'பிரஸ் பண்ணுறது' என்பார்கள். அமெரிக்காவில் இது பெருந்தொழில். 2000-இல் தொடங்கிய சிஜிசி என்ற நிறுவனம் ஒரு புத்தகத்தின் நிலைக்கு 10-க்கு இத்தனை என்று புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிறது. 1938-இல் 10 சதத்துக்கு விற்ற ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 8.5 புள்ளி பெற்ற பிரதி, 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அரைப்புள்ளி கூடினால் விலை எங்கோ ஏறிவிடும். அந்த அரைப்புள்ளிக்காகத்தான் பிரஸ் பண்ணுகிறார்கள். தாளுக்குக் கொஞ்சம் ஈரம் காட்டி, சிலிக்கோன் தாள்களுக்கு நடுவே வைத்து, ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் சூட்டில் இயந்திரத்தால் அழுத்துவார்கள். வண்ணம் தீட்டுவதும் கிழிசலை ஒட்டுவதும் சிஜிசியின் கணக்கில் 'மீட்டமைப்பு'. அதற்குத் தனி முத்திரை உண்டு. பிரஸ் பண்ணுவதற்கு அப்படி எதுவும் கிடையாது.

நம்முடைய காமிக்ஸுக்கு இந்த மதிப்பு வந்து வெகுகாலம் ஆகவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-இல் லயனும் ராணியும் வந்தன. வாசித்து, மடித்து, இரவல் கொடுத்துத் தீர்ப்பதற்கென்றே அச்சடித்த மலிவுத் தாள். இன்று லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம்மவர்கள் தங்கள் பிள்ளைப்பருவத்தைத் தேடி அவற்றை வாங்குகிறார்கள்.

அந்த அண்ணனின் வீடு காசல்ரீத் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர். தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவர். சாயத்தண்ணியும் கடிக்க ஒரு துண்டு சர்க்கரையும் தந்துவிட்டு, என் புத்தகத்தை வாங்கினார். பக்கங்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூலையை இரண்டு விரலால் தடவினார்.

"தம்பி, கொழுந்து வாடிருச்சான்னு எப்பிடிப் பார்ப்போம் தெரியுமா? ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிக்கணும். கையைத் தொறந்தா உருண்டையா நிக்கணும். உடைஞ்சா கூடிப்போச்சு. ஈரம் ஒட்டினா இன்னும் காணாது. தாளும் அப்பிடித்தான்."

அமெரிக்காவில் தாளுக்கு ஈரம் காட்டத் தனியாக ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். இங்கே அதற்கு வேலையே இல்லை. தென்மேல் பருவக்காற்று வந்து முட்டுகிற சரிவு இது. வைகாசி பிறந்தால் துணி காயாது, உப்பு கரையும். சாயங்காலம் பழைய வலைத்தட்டு ஒன்றில் புத்தகத்தை விரித்து, மேலே மெல்லிய துணி போட்டு ஜன்னலோரம் வைக்கிறார். பனிமூட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மூலையைத் தொட்டுப் பார்க்கிறார். இந்த ஊரில் ஈரம் ஏற்றுவது சுலபம், அதை இறக்குவதுதான் வித்தை.

அழுத்துவதற்கு அவரிடம் இருப்பது இரண்டு பலகைகள். ஒரு காலத்தில் தூள் ஏற்றுமதியான தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை. கடுதாசிச் சாக்கு வந்த பிறகு கழித்துப்போட்டவை. உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி வைத்திருக்கிறார். முகர்ந்து பார்த்தேன், இன்னும் தூள் வாசம் இருக்கிறது. நடுவில் பின் அடித்த புத்தகத்துக்கு முதுகுப்பக்கம் தடிப்பு, விளிம்புப்பக்கம் மெலிவு. அப்படியே அழுத்தினால் பின்னின் அச்சு அட்டையில் விழும், முதுகு நசுங்கும். அதனால் விளிம்புப்பக்கம் மட்டைத் துண்டுகளைப் படிப்படியாக அடுக்கி மட்டம் பார்த்தார். அரைமணி நேரம் போனது இதில்தான். பிறகு மேலே ஒற்றுத்தாள், தகரத் தகடு, அதன்மேல் சூடாக்கிய அயன் பெட்டி. அயன் பெட்டி புத்தகத்தைத் தொடுவதே இல்லை. தகடு ஆறிய பின் பலகையின் மேல் அம்மிக்கல். அடுப்புச் சுவரோரம் மூன்று நாள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று காட்ட, ஆரம்பத்தில் தான் கெடுத்த ஒரு ராணி காமிக்ஸை எடுத்து வந்தார். சூடு கூடி அட்டை சுருங்கிவிட்டது. உள்தாள்கள் விளிம்புக்கு வெளியே சட்டைக்குக் கீழே தெரியும் பெனியன் போல நீட்டிக்கொண்டிருந்தன. அதை அவர் எறியவில்லை, விற்கவுமில்லை.

நன்றாகச் செய்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. சுருண்ட முதுகு, நெளிவு, விரல் பட்ட பள்ளம் போன்றவை போகும். துருப்பிடித்த பின் துருவாகவே இருக்கும். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்துக்கொண்டு போகும். சூடு அதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மடிப்பில் மை உடைந்து வெள்ளைக்கோடு விழுந்திருந்தால் மடிப்பு படியும், கோடு நிற்கும். அடுத்த மழைக்காலத்தில் உறையில்லாமல் வெளியே வைத்தால் பழைய நெளிவும் மெல்லத் திரும்பி வரும்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் மறைப்பதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறார். கொழும்பிலிருந்து வந்து மொத்தமாகக் கொடுத்து வாங்கும் வியாபாரிகள் முதலில் செய்யும் வேலை அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுவது. ஒரு புத்தகத்துக்கு அவருக்குக் கொடுப்பது 300 ரூபாய். 'கைபடாத பிரதி' என்று சொல்லி விற்பது அதைப்போல் ஐம்பது மடங்கு, அறுபது மடங்குக்கு. வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறார்கள், நிமிர்த்திக் கொடுத்தவரின் கையையும் அழிக்கிறார்கள். இது இந்த மலைக்குப் புதிதல்ல. கொழுந்து பறித்தவளின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியில் இருந்தது? உலகமெல்லாம் குடிக்கும் தேயிலைக்கு, நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை கத்த வேண்டியிருந்தது. நடுவில் நிற்பவன் எப்போதும் இரண்டு பக்கத்தையும் ஒன்றையொன்று பார்க்க விடாமல்தான் சம்பாதிக்கிறான். புத்தகம் பிரஸ் பண்ணியது என்று தெரிந்தால் வாங்க மாட்டேன் என்கிற சேகரிப்பாளரை விட, எனக்கு அந்த வியாபாரி மேல்தான் கோபம் வருகிறது. சீட்டு உள்ளே இருந்தால் வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்வார்.

"நீங்களே நேரடியா விக்கலாமே அண்ணே?"

"எனக்கு விக்க வராது தம்பி. வாட்டத்தான் வரும்."

புதன்கிழமை மறுபடி போனேன். அம்மிக்கல்லை இறக்கி, பலகையைத் திறந்தார். பத்து வயதில், அப்பாவுக்குத் தெரியாமல் கால்சட்டை இடுப்பில் செருகுவதற்காக நெடுக்காக நான் மடித்த மடிப்பு படிந்திருந்தது. மாயாவியின் முழங்கைக்குக் குறுக்கே மட்டும் அந்த வெள்ளைக்கோடு. பென்சிலை நாக்கில் தொட்டு, அவர் சீட்டு எழுதினார்: 'நெடுக்கு மடிப்பு எடுத்தது. பின் மாற்றவில்லை. வெள்ளைக்கோடு அப்படியே உண்டு.' தேதி போட்டு, நடுப்பக்கத்தில் வைத்தார்.