பூதிகோட்டை சாலையில் ஒரு மேற்கட்டி

பங்காருபேட்டை ரயில் நிலையத்திலிருந்து பூதிகோட்டைக்குப் பழைய அம்பாசிடரில் போகிறவருக்கு, ஊர் வந்து சேர்வதற்கு முன்பே ஊர்ப் பெயரின் பொருள் விளங்கிவிடக்கூடும். பூதி என்றால் சாம்பல். கன்னடத்திலும் அதே பொருள்தான். காரின் கூரைத் துணிக்குப் பின்னால் ஒட்டிய ஸ்பாஞ்ச் மக்கிப் போயிருந்தால், வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தூள் தலையில் உதிரும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் இறங்கியதும் முதல் வேலையாகத் தோளைத் தட்டுவார்கள். திருநீறு நெற்றியோடு நிற்கும். இது கழுத்துக்குள்ளும் இறங்கும்.

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில், பங்காருபேட்டை தாலுகாவில் இருக்கிறது பூதிகோட்டை. விபூதிபுரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. உருண்டைப் பாறைகள் அடுக்கிய குன்றுகள், மார்க்கண்டேய நீர்த்தேக்கம், தக்காளித் தோட்டங்கள். தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து அவ்வப்போது யானைகளும் வந்து போகும். சரித்திரத்தில் ஊருக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் ஹைதர் அலி. 1720-ஐ ஒட்டி அவர் இங்கேதான் பிறந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிறந்த ஆண்டு எது என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

பக்கத்தில் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன் சுமார் 120 ஆண்டுகள், வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கின. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் 'ராக் பர்ஸ்ட்' அந்தச் சுரங்கங்களின் தீராத சாபம். தலைக்கு மேலே இருப்பதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைக்க வேண்டும் என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட பாடம். கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மெத்தனம். டயரைப் பார்ப்பார்கள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பெயிண்டில் கீறல் விழுந்தால் தூக்கம் போகும். கூரைத் துணி கண்ணில் படுவது அது தலையில் இடிக்கும்போதுதான்.

அலட்சியம் செய்யக்கூடிய சங்கதி அல்ல இது. துணி முதலில் தொய்வது பெரும்பாலும் பின் கண்ணாடியை ஒட்டித்தான். இரண்டு அங்குலம் இறங்கினால் ஓட்டுநரின் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் பாதி மறைந்துவிடும். குண்டூசியும் ஸ்டேப்ளர் முள்ளும் குத்தி நிறுத்துவது வழக்கமான வைத்தியம். முள் உதிர்ந்து சீட்டில் விழுந்த பிறகுதான் குஷன் கடையைத் தேடிப் போவார்கள்.

அங்கே மூன்று வழி. ஒன்று, கிழித்துப் போட்டுவிட்டு வெறும் தகரத்தோடு ஓட்டுவது. கோடையில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மழை வந்தாலோ தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. இரண்டாவது, ஸ்பாஞ்ச் ஒட்டிய துணியை வாங்கித் தகரத்தின் மேலேயே பசை தடவி ஒட்டிவிடுவது. ஒரே நாளில் வேலை முடியும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். சில கோடை போனால் முன்பு சொன்ன திருநீறு ஆரம்பிக்கும். மூன்றாவது, கார் பிறந்தபோது எப்படித் தொங்கியதோ அப்படியே திரும்பத் தொங்கவிடுவது. செலவும் நாளும் அதிகம். ஆனால் அம்பாசிடருக்கு ஏற்ற வழி இதுதான்.

தொங்கவிடுவது என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் கூரைத் துணியை ஒட்டுவது கிடையாது. துணியின் மேல்பக்கம், கண்ணில் படாத இடத்தில், குறுக்காக நாலைந்து நீள உறைகள் தைத்திருக்கும். திரைச்சீலையில் கம்பி நுழைக்க மடித்துத் தைப்போமே, அதே போல. ஒவ்வொன்றிலும் வில்லாக வளைந்த ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் இரு முனையும் கூரையின் இரு ஓரத் துளைகளில் செருகி நிற்கும். பசைக்கு ஓரங்களில் மட்டும்தான் வேலை. துணிக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று இருக்கும். சூடும் இரைச்சலும் அங்கே கொஞ்சம் அடங்கும்.

தமிழில் இதற்குப் புதுப் பெயர் தேட வேண்டியதில்லை. மேற்கட்டி என்றும் விதானம் என்றும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே கட்டியிருப்பது மெழுகு பூசிய துணி. அதில் ராசி மண்டலமும் நிலாவும் ரோகிணியும் தீட்டியிருக்கும். துணிக்கு மேலே பூச்சு கொடுத்துப் பதப்படுத்தும் வித்தை அவ்வளவு பழசு. குஷன் கடையில் கேட்டு வாங்கும் ரெக்சினும் அந்த வம்சம்தான். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தயாரான செயற்கைத் தோலின் வியாபாரப் பெயர். சரக்கு மாறிப் பல காலம் ஆகியும் நம் ஊரில் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி.

பி.வி.சி. தானாக மிருதுவானது அல்ல. அதை இளக்க ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். வெயிலில் வருஷக்கணக்காக நிற்கும் காரில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். உள்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படிவதில் அதற்கும் பங்கு உண்டு. மீதியிருக்கும் ரெக்சின் விறைத்துச் சுருங்கி, தையல் துளையில் கிழிய ஆரம்பிக்கும். ஸ்பாஞ்சின் கதை வேறு. சூடும் ஈரப்பதமும் சேர்ந்து அதன் கண்ணறைகளையே உடைத்துத் தூளாக்கிவிடும். அந்தத் தூளின் மேல் எந்தப் பசையைப் போட்டாலும் தூளோடுதான் ஒட்டும், தகரத்தோடு ஒட்டாது. உதிரும் துணியைத் திரும்ப ஒட்டித் தர முடியாது என்று கடைக்காரர் கையை விரித்தால் அது வியாபாரத் தந்திரம் இல்லை.

பிரிப்பதுதான் பாதி வேலை. முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். உள்விளக்கின் வயர் துணிக்கு மேலேதான் போகிறது. பிறகு சன் வைசர், பின்னோக்குக் கண்ணாடி, விளக்கு, கதவோர பீடிங் எல்லாம் வரிசையாக இறங்கும். துணியின் முன், பின் ஓரங்கள் கண்ணாடிகளின் ரப்பருக்குள் போய் முடிவதால் கண்ணாடிகளையும் எடுத்தாக வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் குறுக்கு வழி தேடுவார்கள். கண்ணாடியை எடுக்காமல் துணியை ரப்பர் ஓரத்தோடு அறுத்து, புதுத்துணியை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே திணிப்பார்கள். அடுத்த மழைக்கு அந்த ஓரத்தில் பழுப்புக் கறை இறங்கும்.

கம்பிகளைக் கழற்றும்போது எண் போடுவது கட்டாயம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் வளைவும் வேறு. முன் கம்பியை நடுவில் போட்டால் கூரை வயிறு தள்ளும். சில கார்களில் ஒரே கம்பிக்கு இரண்டு மூன்று துளை இருக்கும். பழைய ஆள் எதில் மாட்டியிருந்தாரோ அதில்தான் மாட்ட வேண்டும்.

பழைய துணியைக் குப்பையில் போடக் கூடாது. அதுதான் அளவு. தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் புதுத்துணியின் மேல் விரித்து, ஓரத்தில் கூடுதல் விட்டு வெட்டுவார்கள். சுருங்கிய துணியைச் சுருங்கிய அளவுக்கே வெட்டிவிட்டால் கடைசியில் ஓரம் எட்டாது. அந்தக் கூடுதலை எவ்வளவு விடுவது என்பதில்தான் கடைக்குக் கடை தரம் தெரியும். தையல் இயந்திரம் கால் மிதியாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம். உறைத் தையல் நேராகப் போக வேண்டும். அரை அங்குலம் கோணினால் காரின் ஆயுள் முழுக்கத் தலைக்கு மேல் தெரியும்.

கூரை காலியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் துருவைப் பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம். சுரண்டி, பிரைமர் அடித்து, ஒழுகும் இடத்தை அடைத்த பிறகே துணி ஏற வேண்டும். டிங்கரிங், வெல்டிங் ஏதாவது பாக்கி இருந்தால் அதுவும் இப்போதே. மேலே சணல் விரிப்பு ஏறிய பிறகு பொறி பறந்தால் விபரீதம்.

ஏற்றும் நாளில் கம்பிகள் வரிசைப்படி மாட்டப்படும். நடுக்கோட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து, அதன் பிறகே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை இங்கே உதவாது. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துவார்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் மறுநாள் கழன்றுவிடும். முதலில் துணிக்கவ்விகளால் சுற்றிலும் பிடித்துவைத்து, சுருக்கம் பார்த்து, பிரித்து, மறுபடி இழுத்து, கடைசியில்தான் பசை. இதற்குப் பொறுமையான இரண்டு ஆள் வேண்டும்.

இந்த வேலை அருகி வருவதற்குக் கையாட்கள் குறைந்தது மட்டும் காரணமல்ல. பிந்தைய கார்களில் வார்த்தெடுத்த அட்டையின் மேல் ஸ்பாஞ்ச் துணி ஒட்டியே வருகிறது. இறங்கினால் அட்டையோடு கழற்றி, சுரண்டி, வேறு துணி ஒட்டலாம். அட்டையே உடைந்துவிட்டால் முழுதாகப் புதுசு வாங்க வேண்டியதுதான். கம்பிக்கு எண் போடவும் உறை தைக்கவும் அங்கே வேலை இல்லை. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. சாலையில் மிச்சமிருப்பவற்றை வைத்திருப்பது மலிவான ஆசையும் அல்ல. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. தங்கவயலின் கேஏ-08 பலகையோடு ஒரு பழைய கார் குஷன் கடைக்கு வந்தால், அதன் சொந்தக்காரர் ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டுத் தோற்றுவிட்டு, அதற்குப் பிறகும் காரை விட மனமில்லாமல் வந்திருக்கிறார் என்று பொருள்.

ஹைதர் வம்சத்தின் விதானம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவர் மகன் திப்பு சுல்தானின் கூடாரம், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கிளைவ் குடும்பத்தாரின் கைக்குப் போய், வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டையைச் சேர்ந்தது. பூ அச்சிட்ட பருத்தி. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆனது என்கிறார்கள். தோட்ட விருந்துகளுக்கெல்லாம் விரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவும் தைத்துத் தொங்கவிட்டதுதான், ஒட்டியது அல்ல. இருநூறு ஆண்டுக்கு மேலான துணியோடு பதினைந்து ஆண்டில் விறைக்கும் ரெக்சினை ஒப்பிடுவது நியாயமில்லைதான். கூடாரம் பொட்டலமாகக் கிடந்த நாள்தான் அதிகம். கார் வெயிலிலேயே நிற்கிறது.

அந்த வெயிலே கடைசியில் கைகொடுக்கவும் செய்யும். எவ்வளவு இழுத்தாலும் பின் கண்ணாடி ஓரத்தில் இரண்டு மூன்று மெல்லிய சுருக்கம் நிற்கும். அனுபவசாலிகள் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். கதவுகளைச் சாத்தி, காரை நடுப்பகல் வெயிலில் விட்டுவிடுவார்கள். சூட்டில் புது ரெக்சின் இறுகிச் சமமாகும். மாலையில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, அப்போதும் நிற்கும் சுருக்கத்துக்கு மட்டும் ஓரத்தைப் பிரித்து இன்னொரு முறை இழுப்பார்கள். பிறகு விளக்கு, சன் வைசர், பேட்டரி வயர். வண்டி கிளம்பலாம். பூதிகோட்டை சாலையின் வேகத்தடைகள் அங்கேயேதான் இருக்கின்றன.