விருந்தாளி எவ்வளவு நாளைக்கு விருந்தாளி?

யாழ்ப்பாணத்துக்குப் புதுசாக வருகிற ஆளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த இடம்?" ஊர்ப் பெயரோடு அது முடியாது. "அங்க எங்க?", "ஆற்ற ஆக்கள்?" என்று படிப்படியாக இறங்கும். ஹட்டன் என்று சொன்னால் மட்டும் படி இறங்க வேண்டியதில்லை. கேட்டவரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

மருதனார்மடத்தில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடத்துக்கு இசை படிக்க வந்த எங்கள் மூன்று பேருக்கும் இது முதல் கிழமையிலேயே விளங்கிவிட்டது. இரண்டு வீடுகளில் "றூம் இப்பத்தான் குடுத்திட்டம்" என்றார்கள். மூன்றாவது வீடு உரும்பிராயில். தனியாக இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர், கிறிஸ்தவர். அந்த அன்ரி கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையள் உறைப்புச் சாப்பிடுவியளோ?"

எங்களுக்குள் ஒரு பயம் இருந்தது. இவ்வளவு அன்பாக இருக்கிறாரே, பிறகு சேர்ச்சுக்கு வரச் சொல்லுவாரோ? அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் இங்கே விடுதிப் பள்ளிகளை நடத்தியபோது சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் கொடுத்தது. கூடவே வெளிநாட்டுப் பெயர்களையும் கொடுத்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழுக்கு உழைத்தவர்களின் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் படிப்பைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனாலும் போட்ட சோற்றோடு ஒரு பெயரும் சேர்ந்து வந்தால், சாப்பிடுகிறவன் கொஞ்சம் யோசிக்கத்தானே செய்வான்?

அன்ரி சேர்ச்சுக்குக் கூப்பிடவில்லை. சாப்பிட முன் அவர் ஜெபம் செய்வார், நாங்கள் பேசாமல் இருப்போம், அவ்வளவுதான். எங்களைச் சங்கடப்படுத்தியது வேறொன்று: அவர் எங்களைத் தட்டுக் கழுவ விடவே இல்லை. விருந்தாளிக்கு வேலை இல்லை, சரி. ஆனால் ஒருநாள் கிளம்பிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதும் விருந்தாளியைத்தான்.

ஒருநாள் அவருக்குக் கைநோ. "ஆராவது தேங்காய் துருவித் தாங்கோவன்" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் உள்ளே ஏதோ உறுத்தியது. மலையகத்துப் பிள்ளைகள் யாழ்ப்பாணக் குசினிகளுக்குப் புதியவர்கள் இல்லை. வீட்டு வேலைக்கென்று அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதை எங்கள் லயங்களிலும் உண்டு. துருவிக் கொடுத்தோம். அவர் ஒற்றைக் கையால் புட்டை அவித்தார். பிறகு நாலு கோப்பைகளை ஒரே மேசையில் வைத்து எங்களோடு இருந்து சாப்பிட்டார். சம்பலில் உப்புக் கூட என்று எங்களைப் பேசவும் செய்தார். அந்தப் பேச்சு கிடைத்தது எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா!

இதே யாழ்ப்பாணத்தில் 1929இல் பள்ளிகளில் பிள்ளைகளைச் சமமாக இருத்தச் சொன்னதற்கே பெரிய எதிர்ப்பு வந்தது. கிறிஸ்தவர்களும் சாதியை விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் ஒரு மேசை எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மருதனார்மடத்தில் ஒரு கிறிஸ்தவ ஆச்சிரமம் இருக்கிறது. அதைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான், அப்படியான ஆச்சிரமங்களுக்கு முன்னோடியான திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆச்சிரமத்தின் கதை எங்களுக்குத் தெரியவந்தது. 1921இல் அதைத் தொடங்கியவர்கள் இரண்டு டொக்டர்கள். ஒருவர் தமிழர், ஜேசுதாசன். மற்றவர் ஸ்கொட்லாந்துக்காரர், பாரஸ்டர் பேட்டன். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். மற்றவர்களும் அவர்களை அப்படியேதான் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் வந்து சேர்ந்த வெள்ளைக்காரர் சின்னண்ணன்! அந்த முறையை அவர் பேருக்கு வைத்திருக்கவில்லை. கதர் உடுத்தினார், 1932இல் சென்னையில் அதே உடுப்போடு பொலிஸிடம் அடியும் வாங்கினார்.

எங்கள் கதையில் அடிதடி இல்லை. மார்கழியில் அன்ரியின் சேர்ச் ஆக்கள் கரோலுக்கு மிருதங்கமும் வயலினும் கேட்டார்கள், வாசித்தோம். எங்கள் அரங்கேற்றத்துக்கு அன்ரி வந்து முன்வரிசையில் இருந்து, பிள்ளையார் மேல் பாடிய உருப்படிக்குத் தப்புத்தப்பாகத் தாளம் போட்டார்.

போன மாதம் மன்னாரிலிருந்து ஒரு தங்கச்சி புதுசாக வந்து சேர்ந்தாள். வந்த அன்றே குசினிக்குள் கூப்பிட்டுத் துருவலையைக் கொடுக்கப் பார்த்தோம். அன்ரி தடுத்துவிட்டார். "கொஞ்ச நாள் போகட்டும். பிள்ளை முதல் நல்லாச் சாப்பிடட்டும்."